நிழல் தந்த இசைவு

ஏழாவது வழக்கறிஞர் கோப்பைத் திறந்த விதத்திலேயே அம்பலவாணனுக்கு விடை தெரிந்துவிட்டது. முதல் இருவர் கோப்பு முழுவதையும் படித்தபின் மூடினார்கள். அடுத்த நால்வர் பாதியில் மூடினார்கள். பூமிநாதன் என்னும் இவரோ நேரே பதினான்காம் பக்கத்தைப் புரட்டி, ஒரே ஒரு வரியை விரல்நுனியால் தொட்டுவிட்டுக் கோப்பை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

"முழுசாப் படிச்சுட்டு முடியாதுன்னு சொல்லுதது ஒரு மரியாதை இல்லையா சார்?" என்றார் அம்பலவாணன்.

"மரியாதைக்குப் படிச்சா எனக்கு ரெண்டு மணி நேரம் போகும். அந்த ரெண்டு மணி நேரமும் உங்களுக்கு நம்பிக்கை வளரும். அதுதான் பாவம்."

அம்பலவாணனின் அருகே அவர் மனைவி மங்கையர்க்கரசி கைகளை மடியில் கோத்தபடி அமர்ந்திருந்தாள். நெற்றியில் மூவரித் திருநீறு. கழுத்தில், அணிகலன் தவழவேண்டிய இடத்தில், வெளுத்த ஒரு வடு. தென்காசிக்கு அப்பால் ஆற்றங்கரைச் சிவன்கோயில் ஒன்றில் இருபத்தாறு ஆண்டு ஓதுவாராக நின்று, காலைப் பூசைக்கும் உச்சிக்காலப் பூசைக்கும் பதிகம் பாடியவள் அவள். இப்போது அவள் பேசினால் காற்று மட்டுமே வரும். ஓலைச்சுவடியைத் திருப்பும்போது எழும் ஓசையினும் மெலிந்த காற்று. ஆகவே எந்த அலுவலகத்திலும் அம்பலவாணனே பேசினார்.

"கழுத்துக் கட்டியை எடுக்கத்தான் சார் போனோம். குரல் நரம்பை எடுக்கப் போகலை."

"தெரியும். கட்டி நரம்பைச் சுத்தி வளந்திருக்கு. வெட்டிட்டா அரை மணி நேரத்துல முடியும். நோகாமப் பிரிச்செடுத்தா ஆறு மணி நேரம். நடுவுல கேட்டிருக்காங்க. சம்மதம் கிடைச்சிருக்கு. பதினாலாம் பக்கம்."

"அவ மயக்கத்துல கெடந்தா. அறைக் கதவுக்கு வெளிய அஞ்சடி தூரத்துல நான் உக்காந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

பூமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதே விளக்கத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி அவர் குரலில் சலிப்புக்கூடத் தேய்ந்துபோயிருந்தது. "உங்களை எதுக்குக் கேக்கணும்? முன்ன எல்லாம் அப்படித்தான் கேட்டாங்க. புருஷன், மச்சினன், மூத்த மகன்னு கதவுக்கு வெளிய யார் நின்னாலும் கையெழுத்து. உள்ள கெடக்குறவங்களுக்கு என்ன வேணும்னு யாருக்குத் தெரியும்? அதுல எத்தனை அநியாயம் நடந்துச்சு. அதனாலதான் இந்தச் சட்டம். மயக்கம் கொடுக்குறதுக்கு முன்னால நோயாளிகிட்ட இருநூத்திச் சொச்சம் கேள்வி கேட்டு, அவங்க பேச்சு, பழக்கம், விருப்பு வெறுப்பு எல்லாத்தையும் வச்சு ஒரு நிழலுரு. அவங்க மாதிரியே யோசிக்கும், அவங்க குரல்லயே பேசும். அறுவை நடுவுல டாக்டருக்குச் சந்தேகம் வந்தா அங்க இருக்குற எந்திரம் அதைக் கேக்கும். அது சொன்னா நோயாளி சொன்ன மாதிரி."

"அது அவ மனசு இல்ல சார்."

"அப்படியா? எண்பத்தேழாம் கேள்விக்கு இந்தச் சைபரைப் போட்டது யாரு?"

அந்தச் சுழி இடப்பட்ட மாலைப்பொழுது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. 'உங்கள் குரலுக்கு நீங்கள் தரும் மதிப்பு யாது? சுழி முதல் பத்து வரை' என்பது கேள்வி. மங்கையர்க்கரசி ஒரு கணமும் தயங்காமல் சுழியைத் தொட்டாள். செவிலிப் பெண், "சைபரா அம்மா?" என்று வியந்தாள். "பாடுதது மட்டும்தாம்மா நம்ம வேலை. குரல் அவனுது," என்றாள் இவள், மேற்கூரையை நோக்கிக் கைகுவித்து. அடியார்க்கு அடியாராய் வாழ்ந்தவர் குடியில் பிறந்த பெண் வேறு எப்படிச் சொல்வாள்? தனக்கென எண் இட்டுக்கொள்வது செருக்கு. தன் பாட்டைப் பதிவு செய்து தானே கேட்பதுகூடச் செருக்கு என்று எண்ணி, இருபத்தாறு ஆண்டில் ஒரு பதிவுக்கும் அவள் உடன்பட்டதில்லை. அன்று அம்பலவாணனின் உள்ளம் பூரித்தது. ஊருக்குத் திரும்பி நால்வரிடம் சொல்லிப் பெருமைப்படவும் செய்தார்.

"குரலு எங்க வீட்டம்மாவோடது இல்ல சார். ஈசனோடது. அந்த அர்த்தத்துல போட்ட சைபர் அது."

"சரி. அப்ப ஈசன்கிட்ட வக்காலத்துல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அவர் பேர்லயே போட்டுடுவோம்," என்றார் பூமிநாதன். சொன்னபின் தன் ஏளனம் தனக்கே கைத்ததுபோல் தாழ்ந்த குரலில், "ஒத்தக்கடையில ரஹ்மத் நிஷான்னு ஒருத்தங்க இருக்காங்க. தோக்குற கேஸாப் பாத்து எடுப்பாங்க. கேஸ் போட எத்தனை நாள் இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டார்.

"பதினோரு நாள். அதோட ரெண்டு வருஷம் முடியுது."

"அதுக்கப்புறம் அவங்களாலயும் முடியாது. இன்னிக்கே போங்க."

மதுரையின் வெயில் அவ்வாண்டு கார்த்திகையிலும் தணியவில்லை. உயர்நீதிமன்றக் கிளைக்கு எதிரே ஓட்டுநரற்ற பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, ஒருவரையும் ஏற்றாமலே சென்றுகொண்டிருந்தன. ரஹ்மத் நிஷாவின் அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. படி ஏறுகையில் மங்கையர்க்கரசிக்கு மூச்சு இரைத்தது. குரல்நாண் மூடாத தொண்டையில் மூச்சும் தங்குவதில்லை. பன்னிரண்டாம் படியில் அவள் நின்றாள், அம்பலவாணனும் நின்றார். இரண்டு ஆண்டுகளாக அவர்கள் ஏறிய படிகளை எண்ணினால் ஒரு மலைக்கோயிலுக்கே போய்வந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அங்கேயாவது உச்சியில் ஒரு சந்நிதி இருந்திருக்கும்.

ரஹ்மத் நிஷா ஐம்பது கடந்தவர். முழங்கால் வலிக்கு இறுக்குப்பட்டை கட்டிய கால்களை முக்காலி ஒன்றின்மீது நீட்டியிருந்தார். "எந்திரிக்க முடியல, தப்பா நினைக்காதீங்கண்ணே, உக்காருங்க," என்றவர், கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். பதினான்காம் பக்கம் வந்தபோதும் மூடவில்லை. முடிவுவரை படித்தார். மின்விசிறியின் ஓசை தவிர அங்கு ஓசை இல்லை.

"அக்கா, அறுவைக்கு முன்னால டாக்டரைப் பாத்தீங்களா?" என்று மங்கையர்க்கரசியிடம் கேட்டார்.

"பாத்தோம்மா, ஒரே ஒருதரம்," என்றார் அம்பலவாணன்.

"அவங்களைக் கேட்டேன்."

"அவளால பேச முடியாதும்மா. காத்துதான் வரும்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். கால்தான் போச்சு."

மங்கையர்க்கரசி முன்னே சாய்ந்தாள். "பாத்தேன்," என்ற காற்று வந்தது. "நல்லவருதான். குரல் போகாதுல்லான்னு கேக்க நினைச்சேன். பெரியவங்க அவசரத்துல இருந்தாங்க."

"கேக்கல."

"கேக்கல."

ரஹ்மத் நிஷா தலையசைத்தார். பின் தொடர்பில்லாததுபோல் ஒன்று சொன்னார். "எங்க அத்தா பள்ளிவாசல்ல மோதினாரா இருந்தாரு. நாப்பது வருஷம் பாங்கு சொன்னவரு. குரல் நல்லாருக்குன்னு யாராச்சும் சொன்னா, 'நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் அவன் குடுத்தது'ம்பாரு. ஆனா தொண்டை கட்டிக்கிச்சுன்னு வைங்க, மூணு நாளைக்கு வீட்டுல ஒருத்தர்கிட்டயும் முகங்குடுத்துப் பேச மாட்டாரு. அம்மா சோத்தை வச்சுட்டு ஓடிரும்."

மங்கையர்க்கரசி சிரித்தாள். ஓசையற்ற சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கிற்று. அம்பலவாணன் அவள் சிரித்துக் கண்டு நெடுநாளாயிற்று.

"நெலமையைச் சொல்றேன்," என்றார் வழக்கறிஞர். "டாக்டர் மேல தப்புன்னு சொல்ல வழியில்ல. எந்திரம் கேட்டுச்சு, பதில் வந்துச்சு, செஞ்சாரு. நிழலுரு உங்க மாதிரி இல்லைன்னு சொல்லவும் வழியில்ல. அது சொன்ன வார்த்தையைப் பாத்தேன். 'உங்க சௌகரியம் போலச் செய்யுங்க.' நீங்க இப்படிப் பேசுறவங்கதானே?"

மங்கையர்க்கரசி ஆமெனத் தலையசைத்தாள்.

"மிச்சம் இருக்குறது ஒண்ணுதான். கேஸ் போடுறதுக்கு முன்னால நம்ம தரப்பு அந்த நிழலுருவை மூணு கேள்வி கேக்கலாம். ஒரே தடவை. என்ன சொன்னாலும் பதிவாயிரும். நமக்கு விரோதமாச் சொன்னாலும். அதனாலதான் ஏழு பேரும் அந்தப் பக்கமே போகல. இன்னொண்ணும் இருக்கு. மூணாவது பதில் வந்த உடனே அதை மூடி முத்திரை வச்சிருவாங்க. தீர்ப்பு வந்ததும் அழிச்சிருவாங்க. அக்காவோட பழைய குரல் உலகத்துல மிச்சம் இருக்குறது அதுல மட்டுந்தான்னு நினைக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க, சம்மதமா?"

"சம்மதம்மா," என்றார் அம்பலவாணன் உடனே.

ரஹ்மத் நிஷா அவரைச் சற்றுநேரம் பார்த்தார். பின் நாட்குறிப்பைத் திறந்தார்.

ஆறு நாள் கழித்து, முற்பகல் பதினொரு மணிக்கு, அறுவை நடந்த மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில் ஒரு சிறிய அறை அவர்களுக்காகத் திறக்கப்பட்டது. வெள்ளைச் சுவர், நீள்மேசை, மேசை நடுவே கைப்பெட்டி அளவில் ஓர் ஒலிபெருக்கி. உருவமோ திரையோ இல்லை. முகம் காட்டினால் உறவினர் கலங்குவர் என்று அதை விதியே விலக்கியிருந்தது. மருத்துவமனையின் சட்ட அலுவலர் தயாளன் பண்புள்ள மனிதர். நாற்காலிகளைத் தாமே இழுத்துப் போட்டார்.

"கேள்வி வழக்கறிஞர் மட்டும்தான் கேக்கணும். மனுதாரர் இருக்கலாம், பேசக் கூடாது. நிழலுருவுக்கு அறுவை அறை நிலைதான் தெரியும். அதுக்கு அப்புறம் நடந்தது எதுவும் தெரியாது. குரல் போனதும் தெரியாது. அதைச் சொல்லவும் கூடாது. சரிங்களா மேடம்?"

"சரி."

"மூணு கேள்வி. எண்ணிக்கிட்டே வருவேன்."

ரஹ்மத் நிஷா தாளில் எழுதி வந்ததைப் படித்தார். அறுவையின் நடுவே எந்திரம் கேட்ட அதே சொற்கள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. "கட்டி குரல் நரம்பைச் சூழ்ந்துள்ளது. நரம்பை வெட்டினால் அரை மணியில் அறுவை முடியும். பிரித்தெடுக்க ஆறு மணி நேரமாகும். நரம்பை வெட்டலாமா?"

ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மூச்சு எழுந்தது. பின் குரல் வந்தது.

"உங்க சௌகரியம் போலச் செய்யுங்க."

அம்பலவாணனுக்கு அச்சொற்களின் பொருள் செவியில் ஏறவே இல்லை. குரல் மட்டுமே ஏறியது. விடியற்காலையில் ஈரக்கூந்தலோடு சமையலறையில் நின்று தாழ்ந்த சுருதியில் பண் இழுத்துப் பார்ப்பாளே, அந்தக் குரல். கருங்கல் மண்டபத்தில் தூணுக்குத் தூண் தவழ்ந்து கருவறை வாயிலில் சென்று அடங்குமே, அந்தக் குரல். மங்கையர்க்கரசி ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். அயலாள் ஒருத்தி தன் சேலையை உடுத்தி எதிரே வந்து நின்றாற்போல் இருந்தது அவள் முகம்.

"ஒண்ணு," என்றார் தயாளன். "பதிவுல இருக்குற பதில்தானே மேடம் இது." வருத்தத்தோடுதான் சொன்னார்.

ரஹ்மத் நிஷா தாளை மடித்து வைத்தார். இம்முறை படிக்கவில்லை, பேசினார். "அம்மா, இன்னொரு தடவை கேக்குறேன். நரம்பை வெட்டலாமா?"

மீண்டும் ஒரு மூச்சு எழுந்தது.

"பெரியவங்க நீங்க இருக்கீங்க," என்றது குரல். "எது நல்லதோ பாத்துச் செய்யுங்க. நான் என்ன சொல்ல."

"ரெண்டு," என்ற தயாளன், விதியை மீறாத அளவுக்கு முன்னே சாய்ந்து, "மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். மிச்சம் ஒண்ணுதான். நூறு கேள்வி இருக்கு கேக்க. பாட்டைப் பத்திக் கேளுங்க, கோயிலைப் பத்திக் கேளுங்க. இதையே கேட்டு வீணாக்காதீங்க," என்றார்.

ஏழு பேர் கைவிட்ட வழக்கை எட்டாமவர் கண்முன்னே கவிழ்க்கிறாரே என்றுதான் அம்பலவாணனும் நினைத்தார். ரஹ்மத் நிஷா இருவரையும் பொருட்படுத்தவில்லை. நாற்காலியை இழுத்து ஒலிபெருக்கியின் அருகே நகர்ந்தார். படுக்கையில் கிடப்பவரின் தலைமாட்டில் குனிவதுபோல் குனிந்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்லைம்மா. நானும் எங்கயும் போகப் போறதில்ல. நீங்க சொல்லுங்க. நரம்பை வெட்டலாமா?"

இம்முறை நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. தயாளன் கடிகாரத்தைப் பார்த்தார். மங்கையர்க்கரசி மெல்ல முகத்தைத் திருப்பி, அந்தச் சிறு கருவியை முதன்முறையாக நேருக்கு நேர் நோக்கினாள்.

"வேண்டாம்," என்றது குரல்.

பிறகு, தானே தன் துணிவுக்கு அஞ்சியதுபோல் சற்றே நடுங்கி, மீண்டும் சொன்னது: "ஆறு மணி நேரமானாலும் சரி, அறுபது மணி நேரமானாலும் சரி. அதைத் தொடாதீங்க. அது இல்லாம நான் எதை வச்சு அவன் முன்னால போய் நிப்பேன்?"

ஒலிபெருக்கியின் சிறு விளக்கு அணைந்தது. விதிப்படி அது தானே முத்திரையிட்டுக்கொண்டது.

தயாளன் தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதப் பார்த்து, எழுதாமல் நிறுத்தினார். "ஒரே கேள்விக்கு மூணு பதிலா?" என்றார் கடைசியில்.

"மூணும் ஒரே மனசுதான்," என்றார் ரஹ்மத் நிஷா. "நீங்க எந்த ஊரு?"

"விருதுநகர் பக்கம்."

"உங்க ஊர்ல பந்தியில ஒரு தடவை கேட்டுட்டு, போதும்னதும் இலையை எடுத்துருவாங்களா?"

தயாளன் குறிப்பேட்டை மூடினார்.

"எங்க ஊர்ல முதல் தடவை சொல்றது மரியாதை. ரெண்டாவது சொல்றது கூச்சம். பசி மூணாவதுலதான் வரும். உங்க ஆளுங்க அக்கா மாதிரியே ஒண்ணைச் செஞ்சாங்க, ரொம்ப நல்லாச் செஞ்சாங்க. அவங்களைக் கேக்குற மாதிரி கேக்கத்தான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. நான் மனுவுல எழுதப் போறது அவ்வளவுதான்."

வெளித்தாழ்வாரத்தில் அவர் சுவரைப் பிடித்தபடி நடந்தார். வெற்றி பெற்றவரின் நடையாக அது இல்லை. "கேஸ் நிக்கும்ணே," என்றார். "நிக்கும்னுதான் சொல்றேன். ஜெயிக்கும்னு இல்ல. அஞ்சு வருஷம் ஓடும். அக்காவைக் கூண்டுல ஏத்தி, 'முழிச்சிருந்தா நீங்களும் இதைத்தானே சொல்லியிருப்பீங்க'ன்னு குடைவாங்க. ஜெயிச்சாலும் குரல் திரும்பாது. இனிமே வேண்டியது ஒரு வக்காலத்துதான். நாளைக்கு வாங்க, அக்கா கையெழுத்துப் போடட்டும்." மின்தூக்கி வந்தது. அவர் போய்விட்டார்.

கணவனும் மனைவியும் மருத்துவமனை வாயிலில், வேப்பமர நிழலில் கிடந்த கல்லிருக்கையில் அமர்ந்தார்கள். எட்டு அலுவலகங்களின் களைப்பும் அப்போதுதான் ஒன்றாய்த் திரண்டு அம்பலவாணனின் தோள்மேல் இறங்கியது. தேடி அலைந்தது கிடைத்துவிட்டது, மகிழத்தான் வேண்டும். ஆனால் அவர் செவியில் ரீங்கரித்தது அந்த 'வேண்டாம்' அல்ல. அதற்கு முன் வந்த இரண்டு விடைகள். முப்பது ஆண்டு இல்லறத்தில் அவ்விரண்டு விடைகளையே அவர் கேட்டிருக்கிறார். மூன்றாவதை ஒருநாளும் கேட்டதில்லை. அது அவளிடம் இல்லாததால் அல்ல. அது வரும்வரை அவர் காத்து நின்றதில்லை.

"அரசி," என்றார். "கேஸ் போடலாமான்னு ரெண்டு வருஷத்துக்கு முன்ன உன்கிட்டக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

அவள் தலையசைத்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"உங்க இஷ்டம்னு," என்றது காற்று.

"இப்பக் கேக்கேன். இந்தக் கேஸ் உனக்கு வேணுமா?"

"இவ்வளவு அலைஞ்சுட்டீங்க நீங்க. எங்கெல்லாம் ஏறி எறங்கியாச்சு. இனி நான் என்னத்தச் சொல்ல."

சாலையில் ஒரு பேருந்து வந்தது. அவர்கள் ஊர்ப்பக்கம் போவது. அது கதவைத் திறந்து, காத்து, மூடிக்கொண்டு போயிற்று. அவர் எழவில்லை. அடுத்த பேருந்து ஒன்றரை மணி கழித்துத்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

"எனக்கு ஒரு அவசரமும் இல்ல," என்றார். "கேஸ் வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னாலும் இப்படியே வீட்டுக்குப் போவோம். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

மங்கையர்க்கரசி நெடுநேரம் எதிரே ஓடிய சாலையைப் பார்த்தாள். கழுத்து வடுவின்மேல் அவள் விரல்கள் ஒருமுறை ஊர்ந்து நின்றன. பின் அவர் பக்கம் திரும்பினாள்.

"வேணும்," என்றாள்.

மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஆனா எனக்காக இனிமே நீங்க பேசாதீங்க. கூண்டுல நானே பேசுதேன். காத்துதான வருது, வரட்டும். அவங்க குனிஞ்சு கேக்கட்டும்."